பொத்தானை அழுத்தாத மருத்துவர்: ரியோவின் ஓர் ஓவிய அறை பற்றிய நிகழ்வு ஆய்வு

1944. ரியோ டி ஜெனிரோவின் புறநகரான என்ஜேனியோ டி டென்ட்ரோவில் ஒரு அரசு மனநல மருத்துவமனை. புதிதாக வந்து சேர்ந்த பெண் மருத்துவருக்குப் புதிய சிகிச்சைகளைக் காட்டுவதற்காக, சக மருத்துவர் ஒருவர் அவரை வார்டுக்கு அழைத்துப் போகிறார். ஒரு நோயாளியைப் படுக்க வைத்து மின்னதிர்ச்சிக் கருவியின் பொத்தானை அழுத்துகிறார். உடம்பு வெட்டி இழுத்து, வலிப்பு வந்து, அடங்குகிறது. அவரைத் தூக்கிப் போய்விட்டு அடுத்தவரைக் கொண்டுவருகிறார்கள். இப்போது நீங்கள் அழுத்துங்கள் என்கிறார் மருத்துவர். மாட்டேன் என்கிறார் அந்தப் பெண்.

அவர் நீஸி ட சில்வெய்ரா. பிரேசிலின் வடகிழக்கே மசேயோ நகரில் 1905-இல் பிறந்தவர். பஹியா மருத்துவக் கல்லூரியில் 157 ஆண்கள் இருந்த வகுப்பில் ஒரே பெண்ணாகப் படித்து 1926-இல் பட்டம் வாங்கினார். 1936-இல் அவர் அறையில் மார்க்சிய நூல்கள் இருப்பதைப் பார்த்து ஒரு செவிலியர் புகார் கொடுக்க, அன்றைய அதிபர் வர்காஸின் ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகும் 1944 வரை அரசு வேலை கிடைக்கவில்லை. பூட்டிய அறைக்குள் ஒரு பகல் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. பின்னால் அவர் செய்த எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் வேலையில் இல்லாத அந்த எட்டு ஆண்டுகளில் மனநல மருத்துவம் தலைகீழாக மாறியிருந்தது. இன்சுலின் கொடுத்து நோயாளியைக் கோமாவில் ஆழ்த்தும் முறை பரவியிருந்தது. 1938-இல் ரோம் நகரில் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை, மயக்க மருந்து இல்லாமலேயே உலகெங்கும் கொடுக்கப்பட்டது. மூளையின் முன்பகுதி இழைகளை வெட்டும் லோபோடமி அறுவையும் வந்துவிட்டது. இவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களிடம் வேறு வழி இல்லை. நிரம்பி வழியும் வார்டுகளில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்தவர்கள் பலர். ஆனால் மனச்சிதைவு வந்தவரின் உள்ளே உணர்ச்சி என்று எதுவும் மிச்சமில்லை, அது இடிந்துபோன வீடு என்ற நம்பிக்கையின் மேல்தான் இவை எல்லாம் நின்றன. நீஸி கேள்விக்கு உட்படுத்தியது அந்த நம்பிக்கையைத்தான்.

துடைப்பத்திலிருந்து தூரிகைக்கு

சிகிச்சை செய்ய மறுக்கும் மருத்துவரை எங்கே போடுவது? ஆக்குபேஷனல் தெரபி, அதாவது வேலை வழியாகச் சிகிச்சை தரும் பிரிவு ஒன்று பெயருக்கு இருந்தது. நோயாளிகளைக் கொண்டு தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் வைப்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். மற்ற மருத்துவர்கள் மதிக்காத அந்தப் பிரிவை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். 1946-இல் அதைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். தையல், புத்தகம் கட்டுதல், தோட்ட வேலை, இசை, நடனம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த மருத்துவமனையில் வேலை பார்த்த அல்மீர் மாவின்யேர் என்ற இளைஞருக்கு ஓவியராகும் ஆசை இருந்தது. அவரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டு செப்டம்பரில் ஓவிய அறையைத் திறந்தார்.

அந்த அறையின் விதிகள் எளிமையானவை. என்ன வரைய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பார்த்து வரைய மாதிரிப் படம் கிடையாது. இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்ற பேச்சு கிடையாது. தாள், சாயம், களிமண், ஒரு மேசை, பக்கத்தில் ஒரு ஆள். வரைந்த படத்தின் பின்னால் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வைப்பார்கள்.

அந்தத் தேதியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் எதுவும் புரியாது என்று நீஸி திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரே ஆள் வரைந்த படங்களை வரிசையாக வைத்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். அதனால் படங்களை விற்கவோ பிரித்துக் கொடுக்கவோ அவர் சம்மதிக்கவில்லை. இந்தப் பிடிவாதம்தான் இன்றைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சொத்து. கலை மனதுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே மனிதரின் முப்பது, நாற்பது ஆண்டு வேலையைத் தேதியோடு வைத்துக்கொண்டு எது எப்படி மாறியது என்று பார்க்கக்கூடிய இடங்கள் உலகிலேயே மிகக் குறைவு. இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்கு அதுதான் காரணம்.

நோயாளி என்ற சொல்லையும் அவர் தவிர்த்தார். அந்தச் சொல்லின் போர்த்துக்கீசிய வடிவத்தில் பொறுத்துக்கொண்டு கிடப்பவர் என்ற தொனி இருக்கிறது. அதற்குப் பதிலாக, சேவை நாடி வருபவர் என்ற பொருள் வரும் சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் நமக்குச் சிக்கல் இன்னும் அதிகம். நோயாளி என்ற சொல்லில் நோய்தான் முன்னால் நிற்கிறது, ஆள் பின்னால் வருகிறார்.

கண்ணின் ஓரம்

எமிடியோ டி பாரோஸ் கடற்படைத் தளவாடப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். பிரான்சுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட அளவுக்குக் கெட்டிக்காரர். 1947-இல் அவர் ஓவிய அறைக்கு வந்தபோது மருத்துவமனையில் 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை அங்கே அனுப்பச் சொல்லி எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. இனி ஒன்றும் தேறாது என்று கைவிட்ட ஆட்களில் அவர் ஒருவர். ஓவிய அறைக்கு ஆட்களை அழைத்துப் போக வார்டுக்கு வந்த பணியாளர் ஒருவர், எமிடியோவின் கண்ணின் ஓரத்தில் தானும் வர வேண்டும் என்ற ஆசையைப் பார்த்ததாகச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் வரைந்தார். ஓவிய அறையின் ஜன்னலை வரைந்தார், வெளியே இருந்த மரங்களை வரைந்தார், நிறம் நிறமாகக் குவிந்த கனவு போன்ற கூடங்களை வரைந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் படங்கள் சாவ் பாவ்லோவின் நவீன கலை அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 1949-இல் நடந்த அந்தக் கண்காட்சியின் பெயர் ‘என்ஜேனியோ டி டென்ட்ரோவின் 9 கலைஞர்கள்’. இதெல்லாம் கலையா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது. மாரியோ பெத்ரோசா என்ற விமர்சகர் கலைதான் என்று அடித்துச் சொன்னார். பள்ளியின் கை படாத கலை என்ற பொருளில் ‘கன்னிக் கலை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். எமிடியோ மருத்துவமனையை விட்டு வெளியே போய்ச் சில ஆண்டுகள் வாழவும் முடிந்தது. பிறகு திரும்பி வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே 1949-இல்தான் லோபோடமியைக் கண்டுபிடித்த போர்த்துக்கீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கண்காட்சியில் இடம்பெற்ற ஒன்பது பேரில் லூசியோ நோமன் ஒரு சிற்பி. கம்பீரமாக நிற்கும் போர்வீரர்களைக் களிமண்ணில் செய்தவர். நீஸி எவ்வளவோ எதிர்த்தும் அவருக்கு லோபோடமி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தவை உருவம் குலைந்த வெறும் மண் கட்டிகள். முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் நீஸி. வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தரைப்பலகை

என்னை அதிகம் பாதித்தவர் பெர்னான்டோ டினிஸ். 1918-இல் பஹியாவில் பிறந்தவர். தகப்பன் யாரென்று தெரியாது. அம்மா தையல்காரி. ரியோவில் பணக்கார வீடுகளுக்கு அம்மா தைக்கப் போகும்போது பையனும் கூடவே போவான். அந்த வீடுகளின் கூடம், பியானோ, பூ ஜாடி, மேசை நாற்காலி எல்லாவற்றையும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அப்படி ஒரு வீட்டில் இருந்த வயலெட்டா என்ற பெண்ணின்மேல் ஆசை வந்தது. படித்து இன்ஜினியராகி அவளைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நன்றாகப் படித்தார். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் படிப்பை விட்டார். 1944-இல் கடற்கரையில் ஆடையின்றிக் குளித்ததற்காகப் பிடித்துக் கொண்டுபோய் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

ஓவிய அறையில் அவருடைய ஆரம்பப் படங்களில் மேல் கீழ் கிடையாது. பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட வீட்டுச் சாமான்கள் கரையில் ஒதுங்கியது மாதிரி. பிறகு ஒரு கட்டத்தில் அவர் தரையை வரையத் தொடங்குகிறார். வெறும் மரப்பலகைத் தரை, பலகை பலகையாக. அதற்குப் பின் பொருள்களைத் தனித்தனியாக எடுத்து வரைகிறார். நாற்காலி தனியாக, மேசை தனியாக, பியானோ தனியாக. கடைசியில் அவை ஒரு கூடத்துக்குள், அதனதன் இடத்தில் வந்து உட்காருகின்றன. அம்மாவோடு போன வீடுகளின் கூடம்.

நிற்க ஒரு தரை வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மனச்சிதைவில் இடமும் வெளியும் கலங்கிப் போகும்போது, தனக்கு ஒரு இடத்தை அவரே கையால் கட்டிக்கொண்டார் என்று நீஸி இதைப் படித்தார். அது சரியான வாசிப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். வார்த்தையில் இதைச் செய்ய முடியாது. வார்த்தை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். அந்த வரிசையே குலைந்தவருக்கு அதுதான் கஷ்டம். தாளில் அப்படி இல்லை. நான்கு ஓரம் இருக்கிறது, நேற்று வரைந்தது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெர்னான்டோ 1999-இல் இறக்கும் வரை வரைந்துகொண்டே இருந்தார். சுமார் 30,000 படைப்புகள். கடைசிக் காலத்தில் அவர் வரைந்தவற்றை வைத்து ஒரு அனிமேஷன் குறும்படமும் எடுக்கப்பட்டது.

கார்லோஸ் பெர்டுயிஸின் கதையும் கொஞ்சம். அவர் செருப்புத் தைப்பவர். 1939-இல் ஒரு காலை, அறையில் இருந்த சின்னக் கண்ணாடியில் சூரிய ஒளி பட்டுத் தெறித்தது. அதில் கடவுளின் கோளரங்கத்தைக் கண்டார். எல்லோரும் வந்து பாருங்கள் என்று வீட்டாரைக் கத்திக் கூப்பிட்டார். அன்றைக்கே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பல வருடம் கழித்து ஓவிய அறையில் அதை வரைந்தார். நடுவில் பொன்னிறப் பூவாய் விரியும் வட்டம். யாரும் வந்து பார்க்காத காட்சியைக் கடைசியில் சில பேர் வந்து பார்த்தார்கள்.

இப்படி வட்டங்கள் பலருடைய படங்களிலும் தானாக வந்தன. 1954-இல் நீஸி அவற்றைப் படம் பிடித்து, இவை மண்டலங்கள்தானா, அதாவது நடுவிலிருந்து விரியும் வட்டச் சித்திரங்கள்தானா என்று கேட்டு சுவிட்சர்லாந்தில் இருந்த உளவியலாளர் கார்ல் யுங்குக்கு எழுதினார். ஆமாம் என்று பதில் வந்தது. 1957-இல் சூரிக்கில் நடந்த உலக மனநல மாநாட்டில் என்ஜேனியோ டி டென்ட்ரோ படங்களின் கண்காட்சியை யுங்கே திறந்துவைத்தார். மனச்சிதைவில் எல்லாம் சிதறுகிறது என்றால், சிதறலுக்கு நடுவே ஒன்றுசேர்க்கும் வேலையும் நடக்கிறது என்பதற்கு இந்த வட்டங்களை நீஸி சான்றாக எடுத்துக்கொண்டார். வட்டத்துக்கு இவ்வளவு பொருள் ஏற்றலாமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பெர்னான்டோவின் தரைப்பலகைகள் அளவுக்கு அவை என்னை நம்பவைக்கவில்லை.

எது மருந்து?

சரி, வேலை செய்தது எது? தூரிகையா?

ரபேல் டொமிங்கஸின் கோட்டோவியங்கள் இதற்கு ஒரு விடை தருகின்றன. பதின்ம வயதிலேயே நோய் தாக்கியவர். பேச்சு புரியாது, வெளியுலகத் தொடர்பே அறுந்தவர் போல இருப்பார். மாவின்யேர் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தபோது அவர் கையிலிருந்து மிக நுட்பமான கோடுகள் வந்தன. 1951-இல் மாவின்யேர் நாட்டை விட்டுப் போனார். அறை அதேதான், தாளும் மையும் அதேதான். ரபேலின் ஓவியங்கள் கலைந்து, வெறும் கிறுக்கலாகிவிட்டன. பல வருடங்கள் கழித்து இன்னொருவர் அதே மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உருவங்கள் திரும்பின.

இதற்கு நீஸி வைத்த பெயர் ‘வினையூக்கி அன்பு’. வேதியியலில் வினையூக்கி தான் மாறாமல் பக்கத்தில் இருந்து வினையை நடக்கவைக்கும். பணியாளர் கற்றுக்கொடுக்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம், அவசரப்படுத்த வேண்டாம். இருக்க வேண்டும், நாளைக்கும் வர வேண்டும். மனிதரை நம்ப முடியாதவர்களுக்கு விலங்குகள் இந்த இடத்தை நிரப்பும் என்று கண்டு, மருத்துவமனை வளாகத்தில் திரிந்த நாய்களை அவர்கள் பொறுப்பில் விட்டார். நாய்களை அவர் சக சிகிச்சையாளர்கள் என்றே அழைத்தார். பிறகு அந்த நாய்களில் பலவற்றை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். வளர்த்தவர்கள் அதைப் பார்த்து எப்படித் தவித்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இந்த இடத்தில் வேறொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் நடந்த மாட்டிஸ் என்ற சோதனை, 2012-இல் வெளியானது. மனச்சிதைவு உள்ள 417 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை குழு ஓவியச் சிகிச்சை கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. கலைச் சிகிச்சையை நம்புகிற பலர் இந்த முடிவைப் பேசாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஓவியச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 140 பேரில் ஒரு முறையாவது வந்தவர்கள் 86 பேர். மற்ற 54 பேர் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை.

அந்த 54 பேரின் கண்ணின் ஓரத்தை யாராவது பார்த்தார்களா? வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என்பதும், தினமும் திறந்திருக்கும் அறை, வார்டுக்கே வந்து கூட்டிப்போகும் ஆள் என்பதும் ஒரே சிகிச்சை ஆகாது. இரண்டையும் கலைச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் எழுதி வைக்கிறோம். அதே நேரம், என்ஜேனியோ டி டென்ட்ரோவில் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவு எதுவும் இல்லை. வந்து வரைந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் திறமை மிக்க சிலர்தான். நிறைய வரைந்தும் எந்த மாற்றமும் காணாதவர்களின் தாள்களும் அந்தக் கட்டுகளுக்குள் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உள்ளடக்கி வெளியிட்ட அறிக்கை, நோய் வராமல் தடுப்பதிலும் வந்ததைச் சமாளிப்பதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்கிறது. கலைச் செயல்பாட்டில் கற்பனை, புலன்கள், உணர்ச்சி, பிறரோடு கலந்து பழகுவது எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்றும் பிரித்துக் காட்டுகிறது. ரபேலின் கோடுகளைப் பார்த்தவருக்கு அந்தப் பட்டியலில் ‘பிறரோடு பழகுவது’ என்பதை மற்றவற்றோடு சமமாக வைக்க மனம் வராது.

மருந்து விஷயத்தில் நீஸியோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1950-களில் வந்த மனநோய் மருந்துகளையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஆளை மழுக்கிப் போடும் அளவுக்கு அன்றைக்குக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் மருந்தினால் வீடு திரும்பியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஓவிய அறையைக் காட்டி, வீட்டில் இருப்பவருக்கு மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மின்னதிர்ச்சியும்கூட இன்று மயக்க மருந்து கொடுத்து, கடுமையான மனச்சோர்வுக்குப் பாதுகாப்பாகச் செய்யப்படுகிறது. அவர் அன்று மறுத்தது இதை அல்ல.

கதவுக்கு வெளியே

படங்களைப் பாதுகாக்க 1952-இல் மருத்துவமனை வளாகத்திலேயே ‘ஆழ்மனப் படிமங்களின் அருங்காட்சியகம்’ தொடங்கப்பட்டது. இன்று அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. ஆனால் உள்ளே எவ்வளவு செய்தாலும், டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். வெளியே அவர்களுக்கு யாரும் இல்லை. ஒருவர் தேறுவதற்கும் ஒரு ஊர் அவரை ஏற்றுக்கொள்வதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது.

அதற்காக 1956 டிசம்பரில் ‘பனைமர வீடு’ என்ற பொருள் தரும் பெயரில் ஒரு இல்லத்தைத் திறந்தார் நீஸி. படுக்கை கிடையாது. பகலில் வந்து வேலை செய்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகலாம். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கும், பணியாளருக்குச் சீருடை இல்லை, யார் மருத்துவர் யார் வந்தவர் என்று பார்த்தால் தெரியாது. நன்கொடையில் ஓடிய சின்ன இடம். பிரேசிலில் பின்னாளில் வந்த சமூக மனநல மையங்களின் வேலையை முப்பது வருடம் முன்பே செய்துகாட்டியது. அப்படிப்பட்ட அரசு மையம் முதலில் சாவ் பாவ்லோவில் 1987-இல்தான் வந்தது. நோயாளிகளைப் பூட்டி வைப்பதை விட்டுச் சமூகத்துக்குள் கவனிக்க வேண்டும் என்ற சட்டம் 2001-இல் வந்தது. நீஸி அதைப் பார்க்கவில்லை. 1999-இல் 94 வயதில் காலமானார். மருத்துவமனைக்கு இப்போது அவர் பெயர்தான்.

அந்த 2001-இலேயே என்ஜேனியோ டி டென்ட்ரோவில் ஒரு கார்னிவல் குழுவும் தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘புறநகர்ப் பைத்தியம்’. சிகிச்சைக்கு வருபவர்கள், பணியாளர்கள், குடும்பத்தார், அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கார்னிவலுக்கு முந்தின வியாழக்கிழமை மருத்துவமனை வாசலிலிருந்து ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். பாட்டும் வேடமும் மேளமும் அவர்களுடையவை. அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது என்று ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்திய தெருக்களில், அதே பிள்ளைகள் வளர்ந்து தங்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூடவே ஆடுகிறார்கள். சமூக நலன் என்று அறிக்கைகளில் எழுதுவது இந்த ஊர்வலத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. ஆள் குணமான பிறகு தெருவுக்கு வந்தார் என்று இதைச் சொல்ல முடியாது. தெருவும் சேர்ந்து மாறியிருக்கிறது.

2021-இல் கடைசியாக இருந்த நீண்டகால வார்டையும் மூடினார்கள். அருங்காட்சியகத்தின் ஓவிய அறை மட்டும் மூடவில்லை. இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், மேசையில் உட்காருகிறார்கள், வரைகிறார்கள். முடித்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிப் படக்கட்டோடு சேர்க்கிறார்கள்.